நாவலுக்கு ஒரு போர்த்துகீசியக் கடலோர ஊர்க்கொடி: சின்னங்கள் சரியா?

அலைவாய்க்கரை எழுதியது:

வணக்கம். 1950களில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் போர்த்துகலின் மேற்குக் கடற்கரை. நசரேவுக்கும் பெனிஷுக்கும் நடுவே நானாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு மீனவ ஊர். நாயகி ஊர் நகராட்சியில், அங்கே காமரா என்பார்களே, அதில் எழுத்தர். கடல் திருவிழாவுக்கு முதல் நாள் மாலை ஊர்க்கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்தக் காட்சியில் கொடியிலுள்ள ஒவ்வொரு சின்னமும் அவள் கண் வழியாக வரவேண்டும்.

நான் வரைந்து வைத்திருப்பது: முழுக்க நீலத் துணி. நடுவில் நீலக் கேடயம். அதில் தங்க நங்கூரம், நங்கூரத்துக்கு மேலே சாந்தியாகோ ஆணையம் என்ற பழைய கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பின் சிவப்பு வாள் சிலுவை, அடியில் நீலமும் வெள்ளையுமாக அலைகள். கேடயத்துக்கு இரு பக்கமும் டால்பின்கள். உச்சியில் ஐந்து கோபுரக் கிரீடம். கீழே தங்க நாடாவில் ஊர்ப் பெயர்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் படித்தால் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மதில்மகுடம் எழுதியது:

கிரீடத்திலேயே மூடிவிடுவார்.

நான் லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், தேஜு ஆற்றுக்குத் தெற்கே குடியிருக்கிறேன். விடுமுறை நாளில் மற்றவர்கள் கடற்கரைக்குப் போனால் நான் நகராட்சிக் கட்டடத்து வாசலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கோபுரம் நகரத்துக்கு, அதாவது சிடாடேவுக்கு உரியது. உங்கள் ஊர் வீலா, அதாவது நகரத்துக்கு அடுத்த படியில் உள்ள சிற்றூர். வீலாவுக்கு நான்கு கோபுரம்தான், வெள்ளியில். தங்கக் கிரீடம் தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும். இது வெறும் அலங்காரம் இல்லை, ஊரின் தகுதியைச் சொல்லும் முத்திரை. கஷ்காயிஷ் எவ்வளவு பெரிய ஊர்! இன்றைக்கும் சட்டப்படி வீலா என்பதால் நான்கு கோபுரத்தோடு நிற்கிறது. அதே கரையில் பெனிஷ் 1988-இல் சிடாடே ஆனது. உங்கள் கதை நடக்கும் காலத்தில் பெனிஷே வீலாதான், பக்கத்திலிருக்கும் உங்கள் குட்டி ஊர் எப்படி நகரமாகும்?

கொடியின் துணியிலும் இந்த வேறுபாடு தெரியும். நகரக் கொடி என்றால் மையத்திலிருந்து எட்டு முக்கோணங்களாகப் பிரிந்து, இரண்டு நிறம் மாறி மாறி வரும். லிஸ்பனின் கறுப்பு வெள்ளைக் கொடியைப் பார்த்தால் உடனே புரியும். வீலாக் கொடி பெரும்பாலும் நான்கு கட்டம். ஒரே நிறத் துணியும் உண்டு. எனவே உங்கள் முழு நீலம் தப்பில்லை. ஆனால் கொடியின் நிறம் கேடயத்திலிருந்துதான் வரவேண்டும். முதலில் கேடயத்தை முடிவு செய்யுங்கள், துணி தானாக முடிவாகும்.

டால்பின்களைத் தூக்கிவிடுங்கள். கேடயத்தைத் தாங்கிப் பிடித்தபடி இரு பக்கமும் உருவங்கள் நிற்பது இங்கே ஊர்ச் சின்னங்களில் வழக்கமில்லை. கேடயம், மேலே கிரீடம், கீழே நாடா, அவ்வளவுதான். நாடாவும் தங்கம் இல்லை. வெள்ளை நாடா, கறுப்பு எழுத்து, எல்லாம் பெரிய எழுத்தில், 'வீலா டி' என்று தொடங்கி ஊர்ப் பெயர்.

இனி அலை. போர்த்துகீசிய ஊர்ச் சின்னங்களில் கடல் என்றால் பச்சையும் வெள்ளியும். நீலமும் வெள்ளியும் போட்டால் ஆறு. லிஸ்பன் சின்னத்தில் புனித வின்சென்ட்டின் உடலை 1173-இல் கொண்டுவந்த கறுப்புக் கப்பலும் அதில் இரண்டு காகங்களும் இருக்கின்றன அல்லவா, அந்தக் கப்பலுக்குக் கீழே ஓடும் ஏழு அலைகளும் பச்சையும் வெள்ளியும்தான். உங்கள் வரைபடத்தில் ஊரை ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

நீலத்தின் மேல் சிவப்புச் சிலுவையும் ஆகாது. தங்கமும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா எல்லாம் நிறம். நிறத்தின் மேல் நிறமும், உலோகத்தின் மேல் உலோகமும் வைப்பதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் வந்த பழைய விதி. அலையில் பச்சையும் வெள்ளியும் மாறி மாறி வருவதும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது.

ஆனால் எனக்கு உண்மையில் உறுத்துவது அந்தச் சிலுவையின் நிறம் இல்லை, அது நிற்கும் இடம். சாந்தியாகோ ஆணையம் ஆண்டது பெரும்பாலும் தேஜுவுக்குத் தெற்கே. செசிம்ப்ராவை 1236-இல் இரண்டாம் சாஞ்சோ அரசர் அவர்களுக்குக் கொடுத்தார். பல்மேலா அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. என் வீட்டுப் பக்கத்து ஊர்கள் இவை. இந்தப் பகுதியில் வாள் சிலுவையைப் பார்த்தால் பழைய பட்டாவைப் பார்க்கிற மாதிரி. உங்கள் ஊர் அங்கிருந்து வடக்கே வெகுதூரம். நசரேவுக்குத் தெற்கே இருந்த கரை அல்கோபாசா மடத்தின் சொத்து. சிஸ்டெர்சியத் துறவிகள். பெதெர்னெய்ரா, சாவ் மார்ட்டின்யோ எல்லாம் அவர்கள் பிடியில் இருந்த துறைகள். 1834-இல் மடங்களைக் கலைக்கும்வரை அந்தக் கரையில் மடாதிபதியின் வார்த்தைதான் சட்டம். அங்கே வாள் வராது. மடாதிபதியின் வளைந்த கோல் வரலாம்.

ஊரை இன்னும் கொஞ்சம் தெற்கே, ஓபிடோஸ் பக்கமாக நகர்த்தினால் இன்னொரு வாசல் திறக்கிறது. அது அரசிகளின் நிலம். 1491-இல் இளவரசர் அஃபோன்சோ சந்தாரேமில் தேஜு கரையோரம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவரை மீனவர்கள் இறால் பிடிக்கும் வலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள் என்பது கதை. தாய் லியோனோர் அரசி அதற்குப் பிறகு அந்த இறால் வலையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார். அவர் உண்டாக்கிய கால்டஸ் ட ரைன்யா ஊரின் சின்னத்தில் இன்றும் அந்த வலை இருக்கிறது. கணவர் இரண்டாம் ஜோவானின் சின்னமான பெலிகன் பறவையும் கூடவே இருக்கிறது. சிங்கமும் கழுகுமாக இருக்கும் அரச சின்னங்களுக்கு நடுவில் ஒரு இறால் வலை! மீனவ ஊரை வைத்து நாவல் எழுதுகிற நீங்கள் இதை விட்டுவிட்டு நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா?

நங்கூரம் எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது. படகு போடுவதாக இருந்தால் அந்தக் கரையின் படகைப் போடுங்கள். நசரேயில் துறைமுகம் வந்தது 1980களில்தான். அதற்கு முன்னால் மணலிலிருந்தே படகைத் தள்ளுவார்கள், திரும்பி வந்தால் மாடு பூட்டி இழுப்பார்கள். அலையைக் கிழிப்பதற்காக முன்மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். அந்த ஒரு வளைவைக் கேடயத்தில் வைத்தாலே எந்தக் கரை என்று சொல்லிவிடலாம்.

சும்மா_வாசகன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு நாவலுக்கு இத்தனை தேவையா? தமிழில் படிக்கிறவர்களில் எத்தனை பேர் கோபுரத்தை எண்ணப்போகிறார்கள்? கடல் நீலமாக இருந்தால்தான் படிக்கிறவருக்குக் கடல் என்று தோன்றும். பச்சை என்று எழுதினால் பாசி பிடித்த குளம் ஞாபகம் வரும்.

மதில்மகுடம் எழுதியது:

வாசகர் எண்ணமாட்டார், சரி. நாயகி எண்ணுவாள். அவள் காமராவில் எழுத்தர் என்பதை மறந்துவிட்டீர்கள்.

இந்தக் கொடிகள் எங்கோ பழங்காலத்தில் தாமாக முளைத்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். கேடயத்தில் உள்ள சில உருவங்கள் பழையவைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் கொடியின் அமைப்பு, அதாவது கிரீடம், நாடா, கட்டம் எல்லாமே 1930 ஏப்ரல் 14-ஆம் தேதி உள்துறை அமைச்சகத்திலிருந்து போன ஒரு சுற்றறிக்கையின் விளைவு. ஊர்கள் தங்கள் சின்னத்தை ஒழுங்குபடுத்தி அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று வந்தது. ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த பழைய முத்திரை, கல்வெட்டு, செவிவழிக் கதை எல்லாவற்றையும் லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். போர்த்துகீசியத் தொல்லியலாளர் சங்கத்தின் சின்னவியல் பிரிவு பார்த்துக் கருத்துரை எழுதியது. அந்தக் கருத்துரைகளில் பெரும்பகுதி ஒரே மனிதர் எழுதியவை: அஃபோன்சோ டி டோர்னெலாஷ், 1944-இல் இறந்தவர். ஒரு நாட்டின் ஊர்க்கொடிகளெல்லாம் ஒரே கையெழுத்தில் இருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. எல்லாம் சுத்தமாக, அளவாக, ஒரே மாதிரி. ஊருக்கு ஊர் இருந்த கோணல்மாணல் அழகு போய்விட்டது.

அந்தக் கருத்துரைகளில் ஒரு வாடிக்கையான நடை உண்டு. தங்கம் என்றால் இன்னது, பச்சை என்றால் இன்னது என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பண்பை எழுதி, இந்த ஊர் மக்களுக்கு இது பொருந்தும் என்று முடிப்பார்கள். நாயகி அந்தக் காகிதத்தைக் கோப்பில் பார்த்திருப்பாள், நகலும் எடுத்திருப்பாள். அவள் கொடியைப் பார்க்கும்போது கடல் ஞாபகம் வருமா, அந்தக் கோப்பு ஞாபகம் வருமா? எனக்கு இரண்டாவதுதான் சுவாரசியம். தன் அப்பா போய்வந்த கடல் சாம்பல் நிறம் என்று அவளுக்குத் தெரியும்; அரசாங்கக் காகிதம் பச்சையும் வெள்ளியும் என்கிறது. நீங்கள் நீலம் என்று எழுதினால் இந்த முரண் கிடைக்காது.

இன்னும் இரண்டு விஷயம். திருவிழா ஊர்வலத்துக்கான கொடி பட்டில் எம்பிராய்டரி செய்தது, பரப்பு ஒரு சதுர மீட்டர். தண்டும் அதன் ஈட்டி முனையும் தங்க நிறம், கொடியின் நிறங்களிலேயே முறுக்குக் கயிறும் குஞ்சமும். கம்பத்தில் பறக்கும் கொடி வேறு, சாதாரணத் துணி. பெட்டியில் இருப்பது முதல் வகை. அப்புறம், அவள் மேசையில் தினமும் தொடும் பொருள் கொடி இல்லை, முத்திரை. வட்ட முத்திரை, நடுவில் கேடயத்தின் உருவங்கள், நிறக்குறிப்பு இல்லாமல், சுற்றிலும் 'காமரா முனிசிபல்' என்று தொடங்கும் பெயர். வருஷக்கணக்காகக் கறுப்பு மையில் மட்டுமே பார்த்த உருவங்களுக்கு அன்றைக்குத்தான் பட்டில் நிறம் கிடைக்கிறது. இதை நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

வலைக்காரி எழுதியது:

போர்ட்டோவுக்கு வடக்கே போவுவா டி வர்சிமில் சில காலம் இருந்தேன். மதில்மகுடம் அண்ணா சொன்னதெல்லாம் அலுவலகத்துச் சின்னம். மீனவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு சின்ன முறை இருந்தது, அதையும் அலைவாய்க்கரை தெரிந்துகொள்ள வேண்டும். போவுவாவில் அதற்கு சிக்லா என்று பெயர். நாலைந்து கோடுகளில் வெட்டக்கூடிய குறிகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. படகில், வலையின் மிதவையில், துடுப்பில், கல்லறையில் எல்லாம் அதே குறி. கல்யாணமானால் கோயில் உள்ளறை மேசையில் கத்தியால் தன் குறியைக் கீறிவிட்டு வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடைக்காரர் கடன் கணக்கை அந்தக் குறியின் கீழேயே எழுதுவார்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது வாரிசு முறை. அப்பாவின் குறி அப்படியே போவது கடைசிப் பையனுக்கு. மூத்தவன் அதோடு ஒரு சிறு கோடு சேர்த்துக்கொள்வான், அடுத்தவன் இரண்டு, இப்படியே ஏறும். அரச குடும்பங்களில் மூத்தவனுக்குக் கேடயம், இளையவர்களுக்கு வேறுபாட்டுக் குறி. இங்கே தலைகீழ். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது கடைக்குட்டி என்பதால் என்று சொல்வார்கள். சான்டோஸ் கிராசா என்ற ஊர்க்காரர் 1930களில் இந்தக் குறிகளைத் தேடித் தேடித் தொகுத்தார், இல்லாவிட்டால் பாதி மறைந்திருக்கும்.

கவனியுங்கள், ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் அலுவலகம் ஊர்களுக்குக் கேடயம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

அலைவாய்க்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல்.

இப்போது கேடயத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: வெள்ளித் தளம். நடுவில் கறுப்பு நிறத்தில் முன்மூக்கு நிமிர்ந்த படகு. அதன் மேலே மடாதிபதியின் கோல், சிவப்பில். அடியில் பச்சையும் வெள்ளியுமாக அலை. கொடி பச்சையும் வெள்ளையுமாக நான்கு கட்டம். நான்கு கோபுரம். இறால் வலையை விட மனமில்லை. கோலும் வலையும் சேர்ந்து வரலாமா? சிக்லாவையும் படகின் மீது ஒரு குறியாக வைத்துவிடலாமா?

மதில்மகுடம் எழுதியது:

கோல், வலை, இரண்டில் ஒன்று. ஊர் மடத்தின் நிலமா, அரசியின் நிலமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் வைத்தால் எல்லைத் தகராறு வழக்கு ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதினாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அது வேறு நாவல்.

சிக்லா கேடயத்தில் வேண்டாம். ஒரு குடும்பத்தின் குறியை ஊர்க்கேடயத்தில் வைத்தால் மற்ற குடும்பங்கள் சும்மா இருக்குமா? வலைக்காரி சொன்னது வடக்கத்திய வழக்கம் என்பதையும் மறக்காதீர்கள். நாயகியின் தாத்தா போவுவாவிலிருந்து வந்து குடியேறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி வீட்டில் ஒரு துடுப்பிலோ வலை பின்னும் ஊசியிலோ இருக்கட்டும்.

கறுப்புப் படகு வெள்ளித் தளத்தில் மிக நன்றாக இருக்கும். ஒன்று மட்டும்: வெள்ளித் தளத்தின் அடியில் வெள்ளி அலையில் தொடங்கினால் கரை தெரியாது. மேல் அலையைப் பச்சையாக வையுங்கள்.

சும்மா_வாசகன் எழுதியது:

சரி, நானும் மாட்டிக்கொண்டேன். நேற்று எரிசெய்ரா பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்ச் சின்னத்தில் இருப்பது கடல் முள்ளெலியா (முள் பந்து மாதிரி இருக்கும் கடலுயிர்), தரை முள்ளெலியா என்று ஒரு சண்டையே இருக்கிறதாமே. ஊர்ப் பெயரைக் கடல் முள்ளெலியோடுதான் சேர்த்துச் சொல்வார்களாம், ஆனால் மிசெரிகோர்டியா அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய சின்னத்தில் நாலு காலோடு நிற்கும் தரைப் பிராணிதான் இருக்கிறதாம். கடலோர ஊருக்குத் தரைப் பிராணி! இது உண்மையா?

இன்னொரு சந்தேகம். எரிசெய்ரா ஒரு நகராட்சியே இல்லை, மாஃப்ராவின் கீழே வருகிறது என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அலைவாய்க்கரையின் அவ்வளவு சின்ன ஊருக்குக் காமரா இருக்குமா?

மதில்மகுடம் எழுதியது:

முள்ளெலி விஷயம் உண்மை. பெயரை வைத்து உருவம் போடுவது சின்னவியலில் மிகப் பழைய வழக்கம். போர்த்துகீசியத்தில் இரண்டு பிராணிக்கும் ஒரே பெயர் என்பதால் சண்டை எளிதில் தீராது. சுற்றுலாவுக்குக் கடல் முள்ளெலிதான் லாபம், அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் சரியான இடத்தில் குத்துகிறது. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எரிசெய்ராவுக்கு 1229-இல் ஊர்ச் சாசனம் கிடைத்தது, ஆறு நூற்றாண்டுக்கு மேல் சொந்த நகராட்சி இருந்தது, 1855-இல் பறிபோனது. 1910 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி அரசர் இரண்டாம் மனுவேல் நாட்டை விட்டுப் படகேறியதும் அந்தக் கரையிலிருந்துதான். அப்போதே அது மாஃப்ராவின் கீழே ஒரு ஃப்ரெகெசியா, அதாவது நகராட்சிக்கு உட்பட்ட சிறு பிரிவு. 19-ஆம் நூற்றாண்டில் இப்படி நூற்றுக்கணக்கான சிறு நகராட்சிகள் கலைக்கப்பட்டன, 1836-இல் ஒரு பெரிய அலை, பிறகு 1855-இல் இன்னொன்று. வீலா என்ற பட்டம் மட்டும் பல ஊர்களில் மிஞ்சியது.

ஆகவே அலைவாய்க்கரை, இரண்டு வழி. உங்கள் ஊர் எப்படியோ தப்பிப் பிழைத்த காமரா என்று வைத்துக்கொள்ளலாம், கற்பனை ஊர்தானே. அப்போது அதன் தலைவரை எஸ்டாடோ நோவோ அரசு, அதாவது சலாசாரின் சர்வாதிகார ஆட்சி, நியமித்திருக்கும், ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார்கள். அல்லது ஊர் காமராவை இழந்தது, நாயகி வெறும் ஃப்ரெகெசியா அலுவலகத்தில் இருக்கிறாள் என்று வைக்கலாம். ஆனால் ஃப்ரெகெசியாக்கள் தங்களுக்கென்று சின்னமும் கொடியும் பெற்றது பெரும்பாலும் பிற்காலத்தில்தான், அதுவும் 1991 சட்டம் வந்த பிறகு மளமளவென்று. 1950களில் அவள் பெட்டியில் கொடியே இருக்காது.

அலைவாய்க்கரை எழுதியது:

காமரா இருக்கட்டும். மடாதிபதியின் கோலை எடுத்துவிட்டு வலையை வைக்கிறேன், ஊரை ஓபிடோஸ் பக்கமாகத் தள்ளிவிடுகிறேன். நசரே படகு அவ்வளவு தெற்கே பொருந்துமா?

மதில்மகுடம் எழுதியது:

வலை வந்த பிறகு படகு எதற்கு? எடுத்துவிடுங்கள். வெள்ளித் தளம், கறுப்பு வலை, கீழே பச்சையும் வெள்ளியுமாக அலை. அவ்வளவு போதும்.

துணி நான்கு கட்டத்தில் பச்சையும் கறுப்புமா, பச்சையும் வெள்ளையுமா என்று நாளைக்குக் கேட்பீர்கள். வெள்ளை. கறுப்பு வைத்தால் ஊர்வலத்தில் துக்கக் கொடி என்று நினைத்துக்கொள்வார்கள்.